டஸ்டரை இடத்தில் வைத்ததற்காக

மூன்று நாள் பயிற்சிக்குப் போன எங்கள் தலைமை ஆசிரியை நான்காம் நாள் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். போவதற்கு முன்பெல்லாம் நடைபாதையில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்து "ஓடாதே!" என்று அலறுவது அவர் வழக்கம். வந்த அன்று ஒரு பையனை நிறுத்தி, "நீ நடந்து போனா எவ்வளவு அழகா இருக்கும் தெரியுமா!" என்றார். அவன் பேயைப் பார்த்த மாதிரி பார்த்துவிட்டு முன்னைவிட வேகமாக ஓடினான்.

அன்று மாலையே ஆசிரியர் அறையில் கூட்டம். பயிற்சியில் கொடுத்த துணிப்பையிலிருந்து ஒரு பெரிய அட்டவணையை எடுத்துச் சுவரில் ஒட்டினார். எங்கள் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் வாரத்துக்கு ஐந்து கட்டங்கள். பக்கத்தில் ஒரு தாள் நிறைய மஞ்சள் சூரியன்கள், முதுகில் பசையோடு.

"இந்த ஸ்கூல்லேருந்து ஒரு வீட்டுக்கு போன் போகுதுன்னா எதுக்குப் போகுது? குறை சொல்றதுக்கு. இனிமே அப்படி இல்ல. ஒவ்வொரு டீச்சரும் வாரத்துக்கு அஞ்சு பாராட்டு அழைப்பு. பிள்ளை செஞ்ச ஒரு நல்ல காரியத்தைப் பெத்தவங்ககிட்ட சொல்லணும். சொன்னதும் ஒரு சூரியன் ஒட்டணும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் வந்து பார்ப்பேன்."

"ஒட்டலைன்னா?" என்றார் பி.டி. சார். எங்கள் விளையாட்டு ஆசிரியர். இருபது வருடமாக விசில் ஊதியே பழகிவிட்டதால் அவர் சந்தேகம் கேட்டாலும் அதட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

"அப்படி எதிர்மறையா யோசிக்கக் கூடாது சார்." தலைமை ஆசிரியையின் உதட்டில் புன்னகை இருந்தது. கண்ணில் பழைய ஆள்தான் இருந்தார்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடமாகக் கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு என் பொறுப்பு. கீழ்த்தளத்தில் நான் "உட்கார்" என்றால் மூன்றாம் மாடியில் பத்தாம் வகுப்பு உட்காரும். பாராட்டு என்பது என் வாயில் வராத சமாசாரம். வீட்டில் என் கணவர் ஆசையாக எதையாவது சமைத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால், "உப்பு சரியா இருக்கு" என்பேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை கிடையாது. அவரும் அதை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார்.

முதல் வாரம் பாராட்டு அழைப்புகள் படுத்திய பாடு இருக்கிறதே! அலுவலகத்தில் இருக்கிற பழைய போனிலிருந்துதான் கூப்பிட வேண்டும் என்பது உத்தரவு. அந்த எண் எல்லாப் பெற்றோரிடமும் இருக்கிறது, அதைப் பார்த்தாலே பிள்ளை ஏதோ செய்துவிட்டது என்றுதான் எல்லோருக்கும் தோன்றுகிறது. ஓர் அப்பா, "எனக்குப் பிள்ளையே இல்லைங்க, ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். ஓர் அம்மா வணக்கம் சொல்வதற்குள் அழ ஆரம்பித்து, பாராட்டு முடிந்த பிறகும் அழுகையை நிறுத்தவில்லை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் வீட்டுக்குக் கூப்பிட்டால், அரும்பு மீசைக் குரல் ஒன்று "நான் அவங்க அப்பாதான் பேசறேன்" என்றது. இன்னொரு வீட்டில் பி.டி. சார் வாயைத் திறப்பதற்கு முன்பே, "ரெண்டு போடுங்க சார், நான் கேக்கவே மாட்டேன்" என்று அனுமதி வந்தது. "இல்லைங்க, உங்க பையன் நல்ல பையன்," என்றார் இவர். பிறகு, "சரி சார், அப்ப வீட்டுல நான் ரெண்டு போடறேன்" என்று போனை வைத்தார்கள்.

இதற்கெல்லாம் தீர்வாகத் தலைமை ஆசிரியை ஒரு சீட்டு அச்சடித்துப் போன் பக்கத்தில் ஒட்டினார். "வணக்கம். பயப்பட வேண்டாம். இது ஒரு மகிழ்ச்சியான அழைப்பு" என்றுதான் தொடங்க வேண்டும் என்று அதில் இருந்தது. பள்ளிக்கூடமே பயப்பட வேண்டாம் என்று சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது?

இரண்டாவது வாரம். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. என் பெயருக்கு எதிரே நான்கு சூரியன்கள் உதித்துவிட்டன. ஐந்தாவது கட்டம் காலி. பட்டியலில் நல்ல பிள்ளைகள் எல்லாம் தீர்ந்துபோனார்கள். சுமாரான பிள்ளைகளையும் ஒருவழியாக ஒப்பேற்றியிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு வருகைப் பதிவேட்டில் விரலை வைத்தேன். திறந்து பார்த்தால் விரல் 'வக்கீல்' மேல் இருந்தது.

'வக்கீல்' என்பது ஆசிரியர் அறை வைத்த பெயர். பதின்மூன்று வயதுப் பெண். ஒற்றைச் சடை, கட்டை விரல் அளவுக்குத் தேய்ந்த பென்சில், ஓயாத வாய். "பேசாதே" என்றால், "யார்கிட்ட டீச்சர்? உங்ககிட்டயா, இவகிட்டயா?" என்று கேட்பாள். "வெளியே போ" என்றால், "வெளியன்னா வகுப்புக்கு வெளியவா, பள்ளிக்கு வெளியவா?" என்பாள். கிண்டல் கிடையாது. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற முகம். அதுதான் இன்னும் எரிச்சல். நடத்தைப் பதிவேட்டில் அவள் பக்கத்தில் இந்த வருடம் மூன்று பதிவுகள், மூன்றும் என் கையெழுத்தில், மூன்றிலும் ஒரே வாசகம்: 'எதிர்த்துப் பேசினாள்.' ஒவ்வொரு தடவையும் அவள் அம்மாவைக் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசியிருந்தேன்.

இவளை எதற்காகப் பாராட்டுவது? கால் மணி நேரம் யோசித்தேன். காலையில் கரும்பலகை துடைத்துவிட்டு டஸ்டரை அதன் இடத்திலேயே வைத்தாள். போதும், ஒரு சூரியனுக்கு அது தாங்கும்.

எண்ணை அழுத்தினேன். கண் முன்னால் அந்தச் சீட்டு ஒட்டியிருந்தது. ஆனால் பத்தொன்பது வருடப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது சீட்டைப் படிக்கவிடவில்லை. வாய் தானாகப் பேசியது.

"ஸ்கூல்லேருந்து பேசறேன். உங்க பொண்ணு விஷயமா."

"இதோ வந்துட்டேன் டீச்சர்," என்றது அந்தப் பக்கம். போன் வைக்கப்பட்டுவிட்டது.

"ஐயோ, டஸ்டர்!" என்றேன், யாருமில்லாத போனில். திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான்கு தடவை, ஐந்து தடவை. எடுக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த கிளார்க் தலையைத் தூக்காமல், "சூரியன் ஒட்டலாமா, வேணாமா?" என்று கேட்டார். அவரைப் பார்த்த பார்வையில் அவர் மறுபடியும் கோப்புக்குள் புகுந்துகொண்டார்.

இருபத்தைந்து நிமிடத்தில் அந்த அம்மா வந்துவிட்டார். இடுப்பில் ரப்பர் மேலங்கி, அதைக் கழற்றக்கூட நேரமில்லை. கைகள் வெந்நீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு துவைத்து அனுப்புகிற பெரிய சலவைக் கூடத்தில் அவருக்கு வேலை என்று தெரியும். மூன்று தடவையும் இதே மேலங்கியோடுதான் வந்திருந்தார். அதைப் பார்த்தும் நான் ஒன்றும் யோசித்ததில்லை.

"மன்னிச்சிருங்க டீச்சர். என்ன பண்ணினா? யாரையாவது அடிச்சிட்டாளா?" உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அதற்குள் கிளார்க் ஆர்வக்கோளாறில் வகுப்பிலிருந்து மகளையும் வரவழைத்துவிட்டார். அவள் வாசலிலேயே நின்று அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு நான் எதுவும் பண்ணல. நேத்து பண்ணதுக்குன்னா நேத்தே கூப்பிட்டிருக்கணும். எதுக்குன்னு முதல்ல சொல்லுங்க, அப்புறம் பதில் சொல்றேன்."

"வாய மூடுடி!" என்றார் அம்மா.

நான் எழுந்து நின்றேன். "அம்மா, குறை ஒண்ணும் இல்ல. உங்க பொண்ணு இன்னிக்கு... டஸ்டர எடுத்த இடத்துலயே வச்சா. அத சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அம்மா மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"டஸ்டரா?" என்றார் அம்மா.

"டஸ்டர்."

"அத வேற எங்க டீச்சர் வைப்பாங்க?" என்றாள் மகள். நியாயமான கேள்வி.

அம்மா மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தார். "நீங்க திரும்பத் திரும்பக் கூப்பிட்டீங்க. பஸ்ல எடுக்கவே பயமா இருந்தது. அத்தனை பேர் நடுவுல நின்னு கேக்க தைரியம் இல்ல." போனை எடுத்துக் காட்டினார். எங்கள் பள்ளி எண்ணுக்கு அவர் வைத்திருந்த பெயர் திரையில் தெரிந்தது: 'போச்சு'. வரிசையாக ஐந்து தடவை, போச்சு, போச்சு, போச்சு. அதற்குக் கீழே புதிதாக ஒரு செய்தி வந்திருந்தது. அதையும் படிக்கச் சொல்லி நீட்டினார். சலவைக் கூடத்து சூப்பர்வைசர் அனுப்பியது. 'இனிமே வர வேண்டாம். திங்கள்கிழமை வந்து அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகவும்.'

"ஈர விரிப்பு மடிக்க ரெண்டு பேர் வேணும் டீச்சர். நான் பாதியில வந்துட்டா எதிர்ல நிக்கறவ கைய கட்டிட்டு நிக்கணும், மெஷின் நிக்கணும். மூணு தடவை பொறுத்துக்கிட்டாரு. போன தடவையே சொன்னாரு, நாலாவது தடவை போனா போனதுதான்னு. வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதான்." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அந்த மூணும் இவ பண்ண தப்புக்கு. சரி, தலையெழுத்து. இது டஸ்டருக்கா?"

சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியை வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் ஒரு கணம் விழுந்தது. உடனே பயிற்சி ஞாபகம் வந்துவிட்டது. "இவங்களோட ஈடுபாட்டுக்கு நாம ஒரு பாராட்டுச் சான்றிதழ் குடுக்கலாமே! 'சிறந்த பெற்றோர்'ன்னு!" என்றார்.

"மேடம், நீங்க கொஞ்ச நேரம் எதையும் பாராட்டாம இருங்க," என்றேன். பத்தொன்பது வருட சர்வீசில் அவரிடம் நான் இப்படிப் பேசியதில்லை. அவரும் என்னிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

சூப்பர்வைசர் எண்ணை வாங்கி என் சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டேன். தப்பு என்னுடையது, அந்த அம்மாவுக்கு இதில் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். அவர் பாதியில் வெட்டினார்.

"எனக்கு ஆறு மணிக்குள்ள ரெண்டு ஆஸ்பத்திரிக்கு விரிப்பு போகணும். ஸ்கூல், கல்யாணம், காய்ச்சல்னு ஆளாளுக்குக் கெளம்பினா நான் யார வச்சு மடிக்கறது? நீங்க வந்து மடிப்பீங்களா? வேலைன்னா வேலையில இருக்கணும். வீட்டு விஷயத்த வேலைக்குள்ள கொண்டுவரக் கூடாது. வைங்க." வைத்துவிட்டார். என்னிடம் இவ்வளவு நீளமாக யாரும் கத்தியதில்லை. என் மாணவர்கள் மேல் எனக்குத் திடீரென்று ஓர் அனுதாபம் வந்தது.

"அவரு அப்படித்தான்," என்றார் அம்மா. எழுந்து மேலங்கி முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். இனி அது எதற்கு என்கிற மாதிரி இருந்தது அவர் அவிழ்த்த விதம். எனக்கு அங்கேயே தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. ஒரு காலிக் கட்டத்தை நிரப்ப ஒரு குடும்பத்தின் சோற்றில் கைவைத்திருக்கிறேன்.

"டீச்சர்," என்றாள் வக்கீல்.

"இப்ப எதுவும் பேசாத."

"ஒரே ஒரு கேள்வி. பாராட்டு அழைப்பு எல்லாப் பிள்ளைங்களுக்கும் உண்டா, எட்டாம் வகுப்புக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான்."

"அந்த சூப்பர்வைசரோட பையன் இங்க ஆறாவது 'ஏ'ல படிக்கிறான்."

நான் அவளைப் பார்த்தேன். கிளார்க் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். ஜன்னலோரம் தலைமை ஆசிரியை வெளியே ஏதோ மரத்தை மிகுந்த கவனத்தோடு பார்க்க ஆரம்பித்தார்.

"ஆனா பொய் சொல்லக் கூடாது டீச்சர்," என்றாள். "அவன் உண்மையிலேயே ஏதாவது நல்லது பண்ணியிருந்தாத்தான் கூப்பிடணும். இல்லன்னா அது ஏமாத்தறது."

பி.டி. சாரை மைதானத்திலிருந்து வரவழைத்தோம். ஆறாம் வகுப்பு 'ஏ' அவர் பொறுப்பு. பையன் பெயரைச் சொன்னதும் யோசிக்கவே இல்லை. "அவனா! புதுசா ஒரு பையன் சேர்ந்திருக்கான் இல்ல, யார்கிட்டயும் வாய தொறக்காதவன்? சாப்பாட்டு நேரத்துல தனியா போய் படிக்கட்டுல உக்காந்துக்குவான். இவன் தினமும் தன் டப்பாவ எடுத்துட்டுப் போய் அவன் பக்கத்துல உக்காந்து சாப்பிடறான். பேசறது கூட கிடையாது, சும்மா உக்காருவான். மூணு வாரமா பாக்கறேன். யாரும் சொல்லிச் செய்யல."

இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு இந்த மனிதர் இரண்டு வாரமாக வேறு எதை எதையோ சொல்லிச் சூரியன் ஒட்டியிருக்கிறார்.

அலுவலகப் போனை எடுத்தேன். சீட்டு கண் முன்னால் இருந்தது. வணக்கம், பயப்பட வேண்டாம், மகிழ்ச்சியான அழைப்பு. எல்லாவற்றையும் ஒரு தடவை நிதானமாகப் படித்தேன். பிறகு என் பழைய குரலில், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் பேசினேன்.

"ஸ்கூல்லேருந்து பேசறேன். உங்க பையன் விஷயமா."

"ஐயோ! என்ன பண்ணினான்? இதோ வந்துட்டேன் மேடம்," என்றது அதே குரல். ஆனால் அதில் இருந்த முறுக்கு எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"டீச்சர் பொய் எதுவும் சொல்லல," என்று வக்கீல் தீர்ப்பு சொன்னாள்.

அம்மாவுக்குப் பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவர் பைக்கில் பதினொரே நிமிடத்தில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே நுழைந்தார். குட்டையான மனிதர், சட்டைப் பையில் நான்கு பேனா, காதோரம் வியர்வை. ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே "எங்க அவன்? அடிபட்டுச்சா?" என்று கேட்டார்.

"உக்காருங்க. பையன் நல்லா இருக்கான். குறை ஒண்ணும் இல்ல," என்றேன். பி.டி. சார் அந்தப் படிக்கட்டு விஷயத்தைச் சொன்னார். தன் விசில் குரலில், கட்டளை போடுகிற மாதிரிதான் சொன்னார். ஆனாலும் அது போய்ச் சேர்ந்தது. மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எம் பையனா?" என்றார். "வேற யாரையாவது மாத்திச் சொல்றீங்களா?"

"உங்க பையன்தான்."

"வீட்டுல ஒரு வார்த்த சொல்லலயே." மூக்கை உறிஞ்சினார். "சின்ன வயசுல நான் ரெண்டு ஸ்கூல் மாறினேன். நானும் தனியாத்தான் சாப்பிட்டேன்." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த ஆள் மேல் கோபத்தைத் தக்கவைத்துக்கொள்வது கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் முயற்சி செய்து தக்கவைத்துக்கொண்டேன்.

"ஆறு மணிக்கு விரிப்பு போகணுமே, எப்படி வேலைய விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"என்ன மேடம் கேக்கறீங்க? ஸ்கூல்லேருந்து போன் வந்தா எப்படி வராம இருக்க முடியும்?"

சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பினார். பக்கவாட்டு பெஞ்சில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார், மடித்த மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு. மேலங்கி வைத்த மடியும் ஹெல்மெட் வைத்த மடியும் எதிரெதிரே. வக்கீல்கூட வாயைத் திறக்கவில்லை, அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர் வெகுநேரம் ஹெல்மெட்டின் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். காது சிவந்துவிட்டது. "அந்த மெசேஜ அழிச்சிருங்கம்மா," என்றார் கடைசியில். "ஏதோ கோவத்துல அனுப்பிட்டேன். பைக்ல வந்தா சீக்கிரம் போயிடலாம். எதிர்ல நிக்கற அந்தப் பொண்ணு கைய கட்டிட்டுத்தான் நிக்கும்."

"வர்றேங்க," என்றார் அம்மா. எழுந்து மேலங்கியை மறுபடி கட்டிக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தலைமை ஆசிரியை மரத்தை விட்டுவிட்டுத் திரும்பினார், வாயெல்லாம் பல்லாக.

ஆனால் அம்மா கதவுப் பக்கம் போகவில்லை. எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர், அவரு பையனப் பத்தி ஒண்ணு சொன்னீங்களே, கேக்கவே நல்லா இருந்தது. எம் பொண்ணப் பத்தியும் அந்த மாதிரி ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்காக வேலைய விட்டுட்டு நாலு தடவை வந்திருக்கேன். டஸ்டர் வேணாம்."

சூப்பர்வைசர் வாசலில் நின்றுவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வக்கீல் மட்டும் தரையைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்து நான் அதுவரை பார்த்ததில்லை. தன்னைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

அப்போது சமாளித்திருக்கலாம். சுறுசுறுப்பான பெண், துடிப்பான பெண் என்று பொத்தாம் பொதுவாக ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்த வாரம் நான்கு பேருக்கு அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஆனால் சொல்ல ஒன்று இருந்தது. இரண்டு மாதமாக என் தொண்டையில் இருந்தது.

"போன பரீட்சையில ஒரு கணக்கு குடுத்தேன்," என்றேன். "ஒரு செவ்வகத்தோட நீளம் பன்னிரண்டு, சுற்றளவு இருபது, அகலம் என்ன? வகுப்புல பாதிப்பேர் எட்டுன்னு எழுதினாங்க. நானும் எட்டுக்குத்தான் மார்க் போட்டேன். இவ மட்டும் 'இப்படி ஒரு செவ்வகம் வரையவே முடியாது'ன்னு எழுதியிருந்தா. சைபர் போட்டேன். எந்திரிச்சு நின்னு, ரெண்டு நீளத்தக் கூட்டினாலே இருபத்தி நாலு ஆகுது டீச்சர், அப்புறம் மொத்த சுற்றளவு எப்படி இருபது ஆகும்னு கேட்டா. எல்லார் முன்னாடியும் கேட்டா. வெளிய போடின்னு சொல்லிட்டு, உங்களுக்கு போன் பண்ணி, எதிர்த்துப் பேசினான்னு எழுதிட்டேன்."

"ஆமா, ரெண்டாவது தடவை வந்தது," என்றார் அம்மா.

"அன்னிக்கு சாயங்காலம் ஆசிரியர் அறையில உக்காந்து வரைஞ்சு பாத்தேன். வரைய முடியல. நாற்பதுன்னு போடறதுக்கு இருபதுன்னு போட்டிருக்கேன். அவ சொன்னது சரி. எனக்கு அன்னிக்கே தெரியும். யார்கிட்டயும் சொல்லல. முப்பத்தெட்டுப் பேர் இருக்கற வகுப்புல டீச்சர் சொன்னாலும் தப்பு தப்புதான்னு எழுதினவ இவ ஒருத்திதான். இதான் உங்க பொண்ணப் பத்தி நான் சொல்றது."

எனக்கு வெட்கமாக இருந்தது. முகம் எல்லாம் எரிந்தது. பாராட்டுக்காவது பயிற்சி கொடுக்கிறார்கள், தப்பை ஒப்புக்கொள்ள யார் கொடுக்கிறார்கள்?

அம்மா மேலங்கி முடிச்சை இறுக்கிக்கொண்டார். பிறகு மகளைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்கு வீட்டுக்குப் போய் இவள அடிச்சேன் டீச்சர். அடிக்க அடிக்க, அந்தக் கணக்கு தப்பும்மா, தப்பும்மான்னு கத்தினா. இன்னும் வாய் பேசறியான்னு அதுக்கும் சேத்து அடிச்சேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு."

கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு நின்றேன். சூப்பர்வைசர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா மகளின் தோளில் கை வைத்தார். வெந்நீரில் ஊறிச் சுருங்கிய அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"பரவால்லம்மா, அவ்வளவா வலிக்கல," என்றாள் வக்கீல். "நீ கெளம்பு, மெஷின் நிக்குது." பிறகு என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "டீச்சர், அப்ப எனக்கு அந்த ரெண்டு மார்க் வரணும்."

"வரும்."

"முடியாதுன்னு எழுதாம பாதியில விட்டவங்களுக்கும் குடுக்கணும். அவங்களுக்கு வராததுக்குக் காரணம் கணக்குதான்."

"குடுக்கறேன்."

"எட்டுன்னு எழுதினவங்ககிட்டேருந்து பிடுங்கக் கூடாது. பிடுங்கினா மார்க் குறைஞ்சிடும், அப்புறம் அவங்க வீட்டுக்கெல்லாம் போன் பண்ணுவீங்க."

திங்கட்கிழமை முதல் வகுப்பிலேயே முப்பத்தெட்டு விடைத்தாள்களையும் திரும்ப வாங்கினேன். எல்லோருக்கும் இரண்டு மார்க் போட்டு, அந்தக் கணக்கு தப்பு, தப்பு என்னுடையது என்று கரும்பலகையில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.